ஓட்டிசம் உள்ள சிறுபிள்ளை: தமிழ்ப் பெற்றோருக்கு உதவி எங்கே இருக்கிறது, எதை நம்பலாம்?

“ஆம்பிளைப் பிள்ளைதானே, பிந்தித்தான் கதைப்பான்.” “தகப்பனும் மூன்று வயதிலைதான் கதைச்சவர்.” “போனைக் குடுக்கிறதாலைதான் இப்படி.” இரண்டு வயது தாண்டியும் கதைக்காத, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளையின் தாய் அயலிலும் உறவிலும் முதலில் கேட்பது இந்த வசனங்களைத்தான். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலிலேயே ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலம் போய்விடுகிறது.

வைத்தியர் ஓட்டிசம் என்று சொன்ன பிறகு நிலைமை தலைகீழாக மாறுகிறது. அதுவரை எதுவும் சொல்லாதவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்கிறார்கள். யூரியூப்பில் ஒருவர் உணவுக் கட்டுப்பாட்டால் குணமாக்கலாம் என்கிறார். இன்னொருவர் சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். இணையத்தில் உள்ள நல்ல தகவல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அவற்றில் விபரிக்கப்படும் சேவைகள் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கின்றன; முல்லைத்தீவிலோ பதுளையிலோ இல்லை.

ஆறு, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து இந்தக் கட்டுரை தொகுக்கப்பட்டிருக்கிறது. எங்கே போவது, வீட்டில் என்ன செய்வது, தமிழில் என்ன இருக்கிறது, எதைத் தவிர்ப்பது என்ற ஒழுங்கில் வாசிக்கலாம்.

ஓட்டிசம் என்பது என்ன?

ஓட்டிசம் மூளையின் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை. பிறருடன் பழகுவதிலும் தொடர்பாடலிலும் உள்ள வேறுபாடு, ஒரே செயலை அல்லது ஒரே ஒழுங்கைத் திரும்பத் திரும்ப நாடுவது ஆகிய இரண்டும் சேர்ந்திருப்பதைக் கொண்டே அது அடையாளம் காணப்படுகிறது. சத்தம், வெளிச்சம், உடுப்பின் உரசல், உணவின் தன்மை போன்றவற்றை அளவுக்கு அதிகமாகவோ குறைவாகவோ உணர்வதும் இதில் அடங்கும். தமிழில் இதற்கு மதியிறுக்கம், தற்சிந்தனைக் குறைபாடு என்றெல்லாம் பெயர்கள் புழங்குகின்றன. வைத்தியசாலைகளிலும் பெற்றோர் மத்தியிலும் ஓட்டிசம் என்ற சொல்லே நிலைத்துவிட்டதால் இங்கும் அதையே பயன்படுத்துகிறோம்.

ஓட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பிள்ளை சொற்களே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்று பஸ் இலக்கங்கள் முழுவதையும் ஒப்புவிக்கும், ஆனால் “தண்ணி வேணும்” என்று கேட்கத் தெரியாமல் அழும். அதனால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சரிவந்தது உங்கள் பிள்ளைக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது.

இரண்டு பழைய குற்றச்சாட்டுகளை இங்கேயே முடித்துவிட வேண்டும். லியோ கனர் என்ற மனநல வைத்தியர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஓட்டிசம் தனியான நிலையாக மருத்துவ உலகில் பேசப்படத் தொடங்கியது. அதன்பின் சில தசாப்தங்கள், அன்பு காட்டாத தாய்தான் காரணம் என்ற கருத்து மேற்குலகில் ஓங்கியிருந்தது. ஆய்வுகள் அதை முற்றாக நிராகரித்துவிட்டன. பரம்பரையலகுகளுக்குப் பெரிய பங்கு இருப்பது இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தாய் வேலைக்குப் போனதோ, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டதோ காரணமில்லை.

இரண்டாவது, தடுப்பூசி. எம்.எம்.ஆர். ஊசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் வந்த கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது. அதை எழுதிய வைத்தியர் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துச் செய்யப்பட்ட பிந்திய ஆய்வுகளில் எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. இலங்கையில் இந்த ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் என்பதற்காக இளைய பிள்ளைக்கு அதை நிறுத்துவது அந்தப் பிள்ளையைச் சின்னமுத்துக்கு முன்னால் பாதுகாப்பின்றி விடுவதாகவே முடியும்.

இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளிடையே அரை நகர்ப்புறப் பகுதி ஒன்றில் செய்யப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாக மதிப்பிட்டது. அது சிறிய ஆய்வுதான். ஆனாலும் இது வெளிநாட்டு வருத்தம் என்ற எண்ணம் சரியல்ல என்பதைக் காட்டப் போதுமானது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால், “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்று விடாமல் காட்ட வேண்டும்.

- 12 மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.
- 12 மாதமாகியும் கைகாட்டி ‘ராரா’ சொல்வது, தூக்கச் சொல்லிக் கைநீட்டுவது போன்ற சைகைகள் இல்லை.
- 18 மாதமாகியும், காகத்தையோ விமானத்தையோ விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுவதில்லை.
- 24 மாதமாகியும் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்வதில்லை.
- வேண்டிய பொருளைக் கேட்காமல், உங்கள் கையைப் பிடித்து ஒரு கருவிபோல அதன்மேல் வைக்கிறது.
- எந்த வயதிலாவது, இருந்த சொற்களோ பழகும் தன்மையோ இல்லாமற் போய்விட்டது.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை கதைப்பதை நிறுத்தினால் அதே கிழமையில் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வலிப்பும் சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம்.

கேள்விகளுக்கு “ஓம்”, “இல்லை” என்று பதிலளிக்கும் எம்-சாட் என்ற வினாக்கொத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ள வடிவத்தில் 20 கேள்விகள் இருக்கின்றன. 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மேலே சொன்ன 2009ஆம் ஆண்டு ஆய்வில் இதன் முந்திய வடிவம் பரிசோதிக்கப்பட்டபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரை அது தவறவிட்டது. எனவே புள்ளி குறைவாக வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உங்கள் மனதுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் அதுவே காட்டுவதற்குப் போதுமான காரணம்.

பெண்பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்பிள்ளைகளிடமே ஓட்டிசம் அதிகம் அடையாளம் காணப்படுகிறது. அமைதியாக ஒரு மூலையில் இருக்கும் பெண்பிள்ளையை “நல்ல பிள்ளை, சோலி இல்லை” என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

முதலில் போகவேண்டிய இடம்

கொழும்பில் உள்ள தனியார் நிலையத்துக்கு வான் பிடிக்க முதல், உங்கள் ஊரிலேயே தொடங்கலாம்.

முதற்படி உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர். ஊசி போடக் கொண்டுபோகும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த வயதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி இருக்கிறது. நிறை போடும் பக்கத்தைப் பார்க்கும் நாங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே குறைவு. அதில் எவை இன்னும் வரவில்லை என்று குறித்துக்கொண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சிறுவர் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கிருந்து அரச வைத்தியசாலையின் குழந்தைநல வைத்திய நிபுணரிடம் கடிதம் பெறலாம்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது கேட்டல் பரிசோதனை. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது. ஓட்டிசத்தையும் கேட்டல் குறைபாட்டையும் பிரித்தறியாமல் அடுத்த படிக்குப் போவது சரியல்ல. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

ஓட்டிசத்தைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கானோ கிடையாது. பிள்ளையைக் கவனித்து, பெற்றோரிடம் விபரம் கேட்டே முடிவு சொல்லப்படுகிறது. வலிப்பு போன்ற வேறு சந்தேகங்கள் இருந்தால் மட்டும் மற்றப் பரிசோதனைகள் தேவைப்படும். “ஸ்கான் எடுத்தால் தெரிந்துவிடும்” என்று எவராவது பெருந்தொகை கேட்டால், எதைத் தேடுகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் குழந்தைநலப் பிரிவுகளும் உளநலப் பிரிவுகளும் இருக்கின்றன. மலையகக் குடும்பங்களுக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை கிட்ட உள்ளது. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலத்துக்கென்று தனிப்பிரிவு இயங்குகிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துடன் இணைந்த ‘அயதி’ நிலையம் மாற்றுத்திறன் கொண்ட சிறுவர்களுக்குப் பல துறைச் சேவைகளை ஒரே இடத்தில் வழங்குகிறது.

கிளினிக் நாளில் வைத்தியருடன் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக மூன்று விடயங்களைத் தயார்செய்து கொண்டுபோங்கள். ஒன்று, எந்த வயதில் என்ன செய்தது, எப்போது நின்றது என்ற ஒரு பக்கக் குறிப்பு. இரண்டு, போனில் எடுத்த இரண்டு அல்லது மூன்று சிறிய வீடியோக்கள்: சாப்பிடும்போது, தனியே விளையாடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. புது இடத்தில் பிள்ளை வீட்டில் நடப்பதுபோல் நடக்காது. வீடியோ அந்தக் குறையை நிரப்பும். மூன்று, கேட்கவேண்டிய கேள்விகள். அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். ஒவ்வொரு வசனத்தின் கருத்தையும் அங்கேயே தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு வையுங்கள். பாடசாலை அனுமதிக்கும் அரச கொடுப்பனவுக்கும் அதே பைல் மீண்டும் தேவைப்படும்.

திகதி கிடைக்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

தமிழில் வேலை செய்யும் பேச்சு சிகிச்சையாளர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் நாட்டில் போதியளவு இல்லை. திகதி கிடைக்க மாதங்கள் எடுக்கலாம். கிடைத்தாலும் மாதத்துக்கு ஒருமுறையாக இருக்கலாம். இதை நினைத்து மனமுடைந்து போகத் தேவையில்லை. சிறு வயதில் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டும் வழிமுறைகளில் முக்கியமான ஒன்று, பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் மூலம் பிள்ளைக்கு உதவுவதுதான்.

இதற்கு எங்கள் பிராந்தியத்திலேயே சான்று இருக்கிறது. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளுடன் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016இல் வெளியானது. பயிற்சி கொடுத்தவர்கள் விசேட நிபுணர்கள் அல்லர், சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையுடன் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே காட்டி, எந்த இடத்தில் பிள்ளை தொடர்புகொள்ள முயன்றது என்று விளக்கினார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஏற்ப நடப்பதும், பிள்ளை தானாகப் பெற்றோரிடம் தொடர்பைத் தொடங்குவதும் கூடின.

அந்த முறைகளின் சாரத்தை எந்த வீட்டிலும் செய்யலாம்.

பிள்ளையின் பின்னால் போங்கள். பிள்ளை மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தால் அதைப் பறித்துப் படப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். முன்னால் நிலத்தில் இருந்து, நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். “சுத்துது… சுத்துது… விழுந்திட்டு!” என்று சொல்லுங்கள். பிள்ளை ஒருமுறை உங்களைப் பார்த்தால் அதுதான் தொடக்கம்.

குறைவாகக் கதையுங்கள். “வாங்கோ ராசா, அம்மா உங்களுக்குப் புட்டும் வாழைப்பழமும் குழைச்சு வச்சிருக்கிறன், ஓடி வந்து சாப்பிடுங்கோ” என்ற நீண்ட வசனத்தில் பிள்ளைக்குப் பிடிபடுவது எதுவுமில்லை. “புட்டு. சாப்பிடுவம்” போதும். பிள்ளை ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாக்கித் திருப்பிச் சொல்லுங்கள்.

காத்திருங்கள். ஊஞ்சலை ஆட்டி நிறுத்துங்கள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பார்வை, சத்தம், கையசைவு எதுவாக இருந்தாலும் அதைக் கேள்வியாக எடுத்து மீண்டும் ஆட்டுங்கள். கேட்க முதலே எல்லாம் கையில் கிடைக்கும் பிள்ளைக்குக் கேட்கவேண்டிய தேவை வருவதில்லை.

அன்றாட வேலைகளே பாடம். தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியாத தாய்மார்தான் அதிகம். கிணற்றடியில் குளிக்க வார்ப்பது, உடுப்பு மடிப்பது, இடியப்பம் பிழியும்போது மாவை உருட்டக் கொடுப்பது எல்லாம் நாளுக்கு நாள் ஒரே ஒழுங்கில் வருபவை. ஒரே சொல்லை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சொல்ல அவை மிக நல்ல சந்தர்ப்பங்கள்.

அழுகைக்குப் பின்னால் உள்ளதைத் தேடுங்கள். கோயிலில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக் கத்தும் பிள்ளை அடம்பிடிக்கவில்லை. தாங்க முடியாமல் கத்துகிறது. எப்போது, எங்கே, அதற்கு முதல் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று இரண்டு கிழமை எழுதிப் பாருங்கள். பசி, மலச்சிக்கல், காதுக்குத்து, பல்லுக்கொதி என்று சொல்லத் தெரியாத நோவுகளும் இதில் வெளிவரும். அடிப்பதால் பயம் வரும். சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லும் வழி அதனால் வராது.

போனைப் பொறுத்தவரை, அது ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் ஆளோடு ஆள் பழகும் நேரத்தை அது தின்றுவிடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல்.

எந்த மொழியில் கதைப்பது?

“பிள்ளையைக் குழப்பாமல் ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள்” என்று கொழும்பில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லப்படுவதுண்டு. இரண்டு மொழி கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் மேலதிகத் தாமதம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்கு இயல்பாக வராத மொழியில் கதைக்கத் தொடங்கினால் கொஞ்சலும் பாட்டும் குறைந்துவிடும். அம்மம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்த வழியும் அடைபட்டுப் போகும். வீட்டில் தமிழ் என்றால் தமிழிலேயே கதையுங்கள். சிகிச்சை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடந்தால், அங்கு பழக்கும் சொற்களைக் கேட்டு அவற்றின் தமிழ்ச் சொற்களை வீட்டில் பழக்குங்கள்.

படங்கள் மூலம் கேட்கப் பழக்கினால் பிள்ளை கதைக்காமலே விட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஆய்வுகள் இதற்கு மாறானதைச் சொல்கின்றன. படங்களும் சைகைகளும் பேச்சைத் தடுப்பதில்லை. சில பிள்ளைகளில் பேச்சு கூடுகிறது. தண்ணீர் கோப்பை, சோறு, கழிப்பறை, வெளியே போவது, “வேண்டாம்” என்ற ஐந்து படங்களுடன் தொடங்கலாம். உங்கள் வீட்டுக் கோப்பையையே போனில் படமெடுத்து, அச்சடித்து, லமினேற் செய்து, கீழே தமிழில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள்.

கிணறு, வீதி, கடல்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் நீச்சல் தடாகம் பற்றி எழுதியிருக்கும். எங்கள் வளவில் இருப்பது கிணறு. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவார்கள். தண்ணீரின்பால் ஈர்ப்பும் பலருக்கு உண்டு. நீரில் மூழ்குவது இப்பிள்ளைகளின் விபத்து மரணங்களில் முக்கியமான ஒரு காரணம். கட்டு உயரமில்லாத கிணற்றுக்குக் கம்பி மூடி போடுவதும், படலைக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி வைப்பதும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் செய்ய வேண்டியவை. குளம், வாய்க்கால், கடல் கிட்ட இருந்தால் அயலவருக்கும் கடைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெயர் சொல்லத் தெரியாத பிள்ளையின் உடுப்பின் உட்பக்கத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தையுங்கள். பிள்ளை காணாமற்போனால் முதலில் நீர் உள்ள இடத்தில்தான் தேட வேண்டும்.

தமிழிலும் இலவசமாகவும் கிடைப்பவை

*உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி.* 2 முதல் 9 வயது வரையான, வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுத் தரிசிப்புகளும் கொண்டது. இதில் சேர நோய்நிர்ணயம் தேவையில்லை என்பது எங்களைப் போன்ற நாடுகளுக்குப் பெரிய வசதி. பெற்றோர் தாமாகக் கற்கும் இணையவழிப் பாடநெறி 2022இல் வெளியானது, இலவசமானது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கற்று, ஊரில் நான்கைந்து தாய்மாருக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தாலே அது பெரிய பணி.

*அரசாக்.* ஸ்பெயினின் அரகன் பிராந்திய அரசின் படக் களஞ்சியம். ஆயிரக்கணக்கான எளிய படங்களை இலவசமாகத் தரவிறக்கி, வீட்டிலும் முன்பள்ளியிலும் பயன்படுத்தலாம். விற்க மட்டும் அனுமதியில்லை.

*ஆவாஸ்.* சென்னையில் உருவான, படங்களைத் தொட்டால் குரல் வரும் செயலி. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும். கட்டணம் உண்டு. வாங்க முதல் கடதாசிப் படங்களுடன் சில மாதம் பழக்கிப் பார்ப்பது நல்லது.

*தமிழ் நூல்கள்.* தமிழகத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரான யெஸ். பாலபாரதியும் லக்ஷ்மி பாலகிருஷ்ணனும் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ அறிமுக நூல், ‘துலக்கம்’ நாவல். லக்ஷ்மியின் ‘எழுதாப் பயணம்’ தாயின் அனுபவ நூல். மாமா, சித்தப்பாமாருக்கு ஆங்கிலக் கட்டுரை அனுப்புவதைவிட இவற்றில் ஒன்றைக் கையில் கொடுப்பது பயன் தரும்.

*வீடியோ ஒப்பீடுகள்.* ‘ஓட்டிசம் நவிகேற்றர்’ என்ற அமெரிக்க இணையத்தளம், ஓட்டிசம் உள்ள பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் அருகருகே காட்டும் காட்சிகளை இலவசமாக வழங்குகிறது. விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலும் காட்சிகளைப் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம்.

*ஊரிலுள்ள நிறுவனங்கள்.* யாழ்ப்பாணம் கோண்டாவிலில் சிவபூமி சிறப்புப் பாடசாலை, நுவரெலியாவில் மென்கபெப், மட்டக்களப்பில் ஓசானம் நிலையம் ஆகியவை விசேட தேவையுள்ள பிள்ளைகளுடன் நீண்டகாலம் வேலை செய்பவை. ஓட்டிசத்துக்கு மட்டுமென்று தொடங்கப்பட்டவை அல்ல. உங்கள் பிள்ளையின் வயதுக்கும் தேவைக்கும் இடமுண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். கனடாவில் உள்ள உறவினர்கள் ஸ்காபரோவில் 2008இல் தொடங்கிய தெற்காசிய ஓட்டிச நிலையமான ‘சாக்’கை நாடலாம். அது தமிழர் ஒருவரின் முயற்சியில் உருவானது.

பணத்தைக் கறக்கும் ‘குணப்படுத்தல்’கள்

ஓட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை. கடும் எரிச்சல், தன்னைத்தானே காயப்படுத்துதல், நித்திரையின்மை போன்றவற்றுக்கு வைத்தியர் சில மருந்துகளைத் தரலாம். அவை அந்தச் சிக்கல்களுக்கானவை, ஓட்டிசத்துக்கானவை அல்ல.

இந்த வெற்றிடத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேசன் சிகிச்சையின்போது 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இறந்தது. ‘அற்புதக் கரைசல்’ என்று விற்கப்படுவது உண்மையில் வெளிற்றும் இரசாயனம். ஸ்டெம்செல் சிகிச்சைக்காகக் காணியை ஈடுவைத்து இந்தியா போக நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஓட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் அறிவித்துவிட்டது. கோதுமையையும் பாலையும் முற்றாக நிறுத்தும் உணவுமுறைக்கும் உறுதியான சான்று இல்லை. ஏற்கனவே நான்கு வகை உணவு மட்டும் உண்ணும் பிள்ளைக்கு அதில் இரண்டை நிறுத்தினால் போசாக்குக் குறையும்.

நேர்த்தி வைப்பதும், நூல் கட்டுவதும் குடும்பத்தின் நம்பிக்கை சார்ந்தவை. அவற்றால் கிளினிக் திகதி தவறாமல், பிள்ளையின் உடம்புக்கு நோவு வராமல் இருக்கும்வரை அதில் சண்டைபிடித்துச் சக்தியை வீணாக்க வேண்டியதில்லை.

எந்தச் சேவைக்கும் பணம் கட்ட முதல் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பிள்ளையில் என்ன மாற்றம், எத்தனை மாதத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அதை எப்படி அளப்பீர்கள்?
2. செய்பவரின் தகைமை என்ன, எங்கே பதிவு செய்திருக்கிறார்?
3. நான் உள்ளே இருந்து பார்க்கலாமா?
4. வீட்டில் செய்ய எனக்குப் பழக்குவீர்களா?
5. இதனால் என்ன பாதிப்பு வரலாம்?

பெற்றோரை உள்ளே விடாத இடத்தையும், ‘நூறு வீதம் குணம்’ என்று சொல்லும் இடத்தையும் விட்டுத் திரும்பி வாருங்கள். தாமாகக் கதைக்கத் தெரியாத பிள்ளைகள் வன்முறைக்கு உள்ளானாலும் வீட்டில் வந்து சொல்ல மாட்டார்கள். மூடிய கதவு அதனாலேயே ஆபத்தானது. சந்தேகம் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

முன்பள்ளி, பாடசாலை, கொடுப்பனவு

முன்பள்ளி என்பது எழுத்துப் பழகும் இடம் மட்டுமல்ல. மற்றப் பிள்ளைகளுடன் இருக்கப் பழகும் இடமும் அதுதான். ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எதற்குப் பயம், எது பிடிக்கும், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் மாதம் ஒரு மணித்தியாலத்துடன் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

அரச பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன, இடம் உண்டா என்பதை வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம், தரம் ஒன்றுக்கு ஒரு வருடம் முன்னரே கேட்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சாதாரண வகுப்பே பொருத்தம். இதைப் பிள்ளையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பெயர்ப்பலகையை வைத்து அல்ல.

“இந்தப் பிள்ளையை எங்களால் எடுக்க ஏலாது” என்று வாயால் சொல்லி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயங்களில் தமிழில் முறைப்பாடு கொடுக்கலாம். சட்டம் இருப்பதால் மட்டும் கதவு திறப்பதில்லை என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆனால் எழுத்தில் கேட்கும்போது பதிலின் தொனி மாறுவதுண்டு.

மாதக் கொடுப்பனவு, உபகரண உதவி போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தொகையும் தகுதி விதிகளும் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே கேட்டறிவது நல்லது. உடனே கிடைக்காவிட்டாலும் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்து, பதிந்த திகதியை அந்தப் பைலில் குறித்து வையுங்கள்.

தாயும் தகப்பனும்

மற்றப் பிள்ளைகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று ஓட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மறைக்கும் சுமையும் சேர்ந்து தாயின் தலையில்தான் விழுகிறது. கிளினிக்குக்குக் கொண்டுபோவது, வேலையை விடுவது, “நீ வளர்த்த வளர்ப்பு” என்ற சொல்லைக் கேட்பது எல்லாம் அவரே. உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் பெற்றோரின் மனநலம் தனியான பகுதியாகச் சேர்க்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. களைத்துப்போன ஒருவரால் காத்திருந்து, பின்னால் போய், விளையாட முடியாது.

தகப்பன்மார் மாதத்தில் ஒரு கிளினிக்குக்காவது நேரில் போக வேண்டும். வைத்தியர் சொன்னதை மனைவி வாயால் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அப்பம்மாவோ பெரியம்மாவோ கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அது ஆயிரம் ஆலோசனைக்குச் சமம். மூத்த பிள்ளைக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ என்ன என்று அதன் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். அது தானாக ஊகித்துப் பயப்படும் காரணங்கள் உண்மையைவிட மோசமானவை. நித்திரையில்லாமல், அழுகையடங்காமல், வாழ்வே வெறுத்துப்போவதாகப் பட்டால் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐ அழைத்துக் கதைக்கலாம்.

கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருக்கும் தாயின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்த வைத்தியசாலையில் எந்த நாள் தமிழ் பேசும் சிகிச்சையாளர் வருவார், எந்த முன்பள்ளி ஆசிரியர் பொறுமையானவர், எந்த நிலையத்தில் பணம் மட்டும்தான் போகும் என்ற தகவல்கள் இன்னும் அந்த வாங்கில்களில்தான் இருக்கின்றன. மூன்று பெற்றோர் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்து அவற்றை எழுதிவைத்தால், அடுத்த வருடம் வரும் பெற்றோருக்கு அதுவே முதல் வழிகாட்டியாக இருக்கும்.